ஹிதாயாவைக் குளிப்பாட்டியவள்

வ அலைக்கும் ஸலாம். வாங்க தங்கச்சி, உள்ள வாங்க. யாரு, மத்ரஸா ஆலிமாப் புள்ள அனுப்புச்சா? நெனச்சேன். அதத் தவிர என்கிட்ட ஆள் அனுப்ப இந்த ஊர்ல வேற யாரு இருக்கா. மௌத்து விழுந்தாத்தான் என் வீட்டு வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும். ஜெய்த்தூன் மாமி, எந்திரிங்க, மையத்தக் குளிப்பாட்டணும்னு வருவாங்க. உயிரோட இருக்கற ஒருத்திக்காக என்னத் தேடி வந்தது நீங்கதான் மொதல்ல.

அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். பாயில உக்காருங்க. டீ போடுறேன். வேணாம்னு சொல்லாதீங்க. மையத்து வீட்டுலதான் நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், அது என் வைராக்கியம். என் வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புனேன்னு பேரு எனக்கு வேணாம்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். இரும்புக் கடை சபியுல்லா. உங்க மகளக் கேட்டிருக்காங்க. பேரு என்னா? ஷமீனா. நல்ல பேரு. மொத மாப்புள்ள தலாக் சொல்லிட்டானா? யா அல்லாஹ். தம்பியக் கூட்டிக்கிட்டு முத்துப்பேட்டப் பக்கத்துலேருந்து விடியக்காலமே பொறப்பட்டு வந்திருக்கீங்க. தம்பி பள்ளியில உக்காந்திருக்காரு, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வார்த்த குடுத்துடணும்ங்கிறீங்க. நகை வேணாம், சீரு வேணாம், புள்ளைய மட்டும் அனுப்புங்கன்னு சொன்னாங்களா? சொல்லுவாங்க. அந்த வீட்டுக்காரங்களுக்கு எதுல கொறச்சல்.

நல்ல மனுசன்தான் தங்கச்சி. ஊர்ல கேட்டிருப்பீங்களே. அஞ்சு வேளையும் மொத வரிசையில நிப்பாரு. நோன்பு வந்துட்டா அவங்க வீட்டு முறைக்குக் கறிக்கஞ்சிதான் வரும், தூக்குவாளியோட சனம் தெரு முனை வரைக்கும் நிக்கும். அப்பறம் என்னா கேக்கணும்? அவரு மொத பொஞ்சாதி ஹிதாயா எப்படி மௌத்தானாங்கறதா? கொல்லையில பாசியில வழுக்கி விழுந்தா. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க, நானும் அதத்தான் சொல்றேன். ஆமா, குளிப்பாட்டுனது நான்தான். அதுக்குத்தான ஆலிமா உங்கள இங்க தொரத்திவிட்டிருக்கா.

ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடுறேன், அப்பறம் மனசு கோணக் கூடாது. குளிப்பாட்டுறவ பாத்ததச் சொல்லக் கூடாது. மையத்து மேல நல்லது தெரிஞ்சா சொல்லலாம். மொகம் வெளிச்சமா இருந்துச்சு, சிரிச்ச மாதிரி இருந்துச்சு, சொல்லலாம். கொறை எது தெரிஞ்சாலும் குளிப்பாட்டுன தண்ணியோட தண்ணியா அது போயிடணும். இந்தத் தெருவுல பெரிய வீட்டு அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, ஊரையே அதட்டி வச்சிருந்தாங்க, அவங்க உடம்புல... பாத்தீங்களா, சொல்ல மாட்டேன். நுனி நாக்கு வரைக்கும் வந்தாலும் முழுங்கிடுவேன். இந்த வாயிலேருந்து ஒரு சொல்லு வாங்க ஊர்ப் பொம்பளைங்க எத்தன பேரு எத்தன பலகாரத்தோட வந்திருப்பாங்க தெரியுமா? பலகாரத்த வாங்கி வச்சுக்குவேன், கதைய விட மாட்டேன்.

காசு வாங்குறதில்ல தங்கச்சி. ஒரு பைசா வாங்குனதில்ல. சேல குடுத்தாலும் வேணாம்பேன். பொழப்புக்கு ரெண்டு ஆடு இருக்கு, பாலு விக்கிறேன், முட்டை விக்கிறேன், போதும். மையத்துக் குளிப்பாட்டுறது அல்லாஹ்வுக்காக. காலரா மாதிரி வயித்துப் போக்குல போனவங்களையும் குளிப்பாட்டியிருக்கேன், பெத்த மகளே மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய நின்னா. அழுவிப் போயி கெணத்துலேருந்து எடுத்தவளையும் குளிப்பாட்டியிருக்கேன். மொகத்தச் சுளிச்சதில்ல. சுளிச்சா நன்மை போயிடும்.

எங்க பழைய ஹஜ்ரத் ஒரு பயான்ல சொன்னாங்க. மையத்தக் குளிப்பாட்டி, பாத்ததயும் மறைச்சா, மறைச்சவங்களுக்கு நாப்பது தடவ மன்னிப்பாம். நாப்பது! அன்னிக்கு நான் தெரைக்கு இந்தப் பக்கம் பொம்பளைங்களோட உக்காந்திருந்தேன். அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவ, ஏன் ராத்தா நீ என்னா அவ்வளவு பாவமா பண்ணிட்டேன்னு கிண்டல் பண்ணுனா. எனக்கு எதுக்கு நாப்பது மன்னிப்பு? எனக்கு ஒண்ணு ரெண்டு போதும். புருசன் இருந்த காலத்துல கொஞ்சம் வாயாடியிருப்பேன், அவ்வளவுதான். எல்லாத்தயும் என் புள்ளைக்கு எழுதி வச்சுட்டேன். ஒவ்வொரு மையத்தக் குளிப்பாட்டி முடிச்சதும், யா அல்லாஹ், இதோட நன்மைய என் மகன் ஜக்கரியாவுக்குச் சேத்து வைன்னு கேட்டுட்டுத்தான் கையக் கழுவுவேன்.

ஒரே மவன். சவூதியில இருந்தான். அங்கயே மௌத்தாயிட்டான், அங்கயே அடக்கம். ஹார்ட்டு அட்டாக்கு. பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு, அரபியிலயும் இங்கிலீசுலயும் போட்டிருக்கு. ஊர்ல ரெண்டு பேரு வேற மாதிரி பேசுனாங்க. தற்கொல... அந்தச் சொல்ல என் வீட்டுக்குள்ள யாரும் சொல்லக் கூடாது. நானே சொல்லிட்டேன் பாருங்க, அஸ்தஃபிருல்லாஹ். அப்படிச் செத்தா மன்னிப்பே கெடைக்காதுன்னு பேசுறாங்களே, அது என் புள்ளைக்கு எதுக்கு? அவனுக்கு ஹார்ட்டுதான்.

அவனோட ரூமுல இருந்த பரங்கிப்பேட்டைப் பையன் லீவுல வந்தப்ப இங்க வந்தான். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துலதான் உக்காந்தான். டீயத் தொடல. சட்டைக் காலரப் புடிச்சுப் புடிச்சு விட்டுக்கிட்டே இருந்தான். உம்மா, ஜக்கரியாவக் குளிப்பாட்டுனது ஒரு மலையாளத்து ஆளும்மா, ரொம்ப நல்ல மனுசன், அவரு பாத்தது அவரோடயே போச்சு, அவரு வாயத் தொறந்திருந்தா அடக்கத்துக்கு முந்துன ஜனாஸாத் தொழுகையே வேற மாதிரி ஆயிருக்கும்னு சொல்லிட்டு ஓன்னு அழுதான். நான் ஒண்ணும் கேக்கல. என்னாத்தப் பாத்தாருன்னு கேக்கவே இல்ல. கேட்டா அவன் சொல்லிடுவானே.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன். மொகம் தெரியாத ஒருத்தன் என் புள்ளைய மறைச்சான். நான் இங்க ஊரான் வீட்டுப் புள்ளைங்கள மறைப்பேன். நான் மறைக்கிற வரைக்கும் அங்க அவனும் மறைப்பான். நான் வாயத் தொறந்தா அவன் வாயும் தொறந்துடும். சிரிக்காதீங்க தங்கச்சி. அல்லாஹ் அப்படியா கணக்குப் பாக்குறான்னு எனக்கும் தெரியாமயில்ல. ஆனா எனக்கு அப்படித்தான் இருக்கு. பெத்த வயிறு.

டீயக் குடிங்க, ஆறிடும்.

ஹிதாயா. ஆமா, அவளத்தான கேட்டீங்க. தங்கமான புள்ள. மாமியாக்காரி ருகையாவுக்கு வைத்தியரு ஆட்டுப்பாலு சொல்லியிருந்தாரு, அத வாங்க இவதான் வருவா. நான் கறக்கறப்ப பக்கத்துல குந்திக்குவா. அப்படி ஒரு அடக்கம். சித்திர மாச வெயிலு, எனக்கே ரவிக்கையக் கழட்டிப் போட்டுட்டு உக்காரலாம் போல இருக்கும், இந்தப் புள்ள மணிக்கட்டு வரைக்கும் கையி, கழுத்து வரைக்கும் பட்டனு. வீட்டுக்குள்ள யாரு புள்ள இருக்கா, கொஞ்சம் காத்தோட்டமா இருவேன்னு சொல்லுவேன். இல்ல மாமி, பழகிருச்சுன்னு சிரிப்பா. இந்தக் காலத்துல இப்படி ஒரு வெக்கமா, இவள வளத்தவ பாக்கியசாலின்னு நெனச்சுக்குவேன்.

ஒரு நாளு திடீர்னு கேட்டா. மாமி, குளிப்பாட்டும்போது எல்லாத்தயும் பாப்பீங்களா?

பாக்காம எப்படிப் புள்ள? துணிய மூடிக்கிட்டுத்தான் செய்வோம், ஆனா கையி போற எடம் கண்ணுக்குத் தெரியாதான்னேன்.

முதுகு?

பொரட்டித்தான ஊத்தணும்.

ஆட்டு மடியவே பாத்துக்கிட்டிருந்தா. அப்பறம் சொல்றா, அப்ப நான் மௌத்தானா நீங்கதான் வரணும் மாமி. யாரு வேணாம்னு சொன்னாலும் நீங்கதான் வரணும். நீங்க பாத்தா போதும்.

சீ, வாயக் கழுவு, புள்ள பெத்துக்க வேண்டிய வயசுல பேசுற பேச்சா இதுன்னு தலையில ஒரு குட்டு வச்சேன். ஆனா உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு வெக்கமுள்ள புள்ள, தன் உடம்ப யாரு பாக்கலாம்னு யோசிச்சு, ஜெய்த்தூன் மாமி பாத்தாப் போதும், மாமி மறைச்சிடுவாங்கன்னு நம்புறா பாருங்க. அந்த நம்பிக்கைய எத்தன பேருக்கு அல்லாஹ் குடுப்பான்?

அப்பறம் கொஞ்ச நாளு பாலு வாங்க அவ வரல. வேலக்காரி வந்தா. அப்பறம் ஒரு வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு பள்ளியில அறிவிச்சாங்க, சபியுல்லா வீட்டு அம்மா மௌத்துன்னு. வழுக்கி விழுந்துட்டா, மண்டையில அடின்னாங்க. டாக்டரு வந்து பாத்துட்டுப் போயிட்டாராம். சாயங்காலம் அஸருக்கே எடுத்துடணும்னு அவசரம். அவ உம்மா வாப்பா ராம்நாட்டுப் பக்கத்துலேருந்து வர வேணாமா? வந்ததும் மொகத்தக் காட்டிட்டு ஒடனே எடுத்துடுவோம்னாங்க.

எப்பவும் தண்ணி ஊத்துறது பாத்துமுத்து. நானும் அவளும் சோடியாத்தான் போவோம். அன்னிக்கு அவள வாசல்லயே நிறுத்திட்டாங்க. வீட்டுப் பொம்பளைங்களே ஊத்திக்கிறோம்னு ருகையா சொல்லிட்டா. உள்ள நானு, ருகையா, ஹிதாயா. மூணு பேருதான். கதவச் சாத்துனதும் ருகையா என் கையப் புடிச்சா. ஜெய்த்தூனு, உன்னத்தான் கூப்புடணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன், உன் வாயிலேருந்து எதுவும் வெளிய போவாதுன்னு ஊருக்கே தெரியுமேன்னா. கேட்டீங்களா? எவ்வளவு பெரிய வீடு, எவ்வளவு பெரிய வார்த்த. அந்த ஒரு பேருக்காகத்தான தங்கச்சி இத்தன வருசம் நாக்கக் கட்டி வச்சிருந்தேன்.

எலந்தெலை போட்டுக் காய்ச்சுன தண்ணி தயாரா இருந்துச்சு. பிஸ்மி சொல்லி, மேல துணியப் போத்தி, சட்டையக் கத்திரிச்சு எடுத்தேன்.

அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

மொகத்தச் சொல்றேன், மொகத்தச் சொல்லலாம். தூங்குற மாதிரி இருந்துச்சு. முடி இடுப்பு வரைக்கும், மூணு பின்னலாப் பின்னி பொறத்தால விட்டேன். தண்ணிய ருகையா ஊத்துனா, பாதி தரையில போச்சு. அவ மருமவள ஒரு தடவ கூடப் பாக்கல. என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. நான் மொகத்தச் சுளிக்கல. வலது பக்கம் முடிச்சு, எடது பக்கம் முடிச்சு, கடைசித் தண்ணியில கற்பூரம் கரைச்சு ஊத்தி, ஒத்தி எடுத்தேன். கஃபன் துணி கட்டுறப்ப வழக்கத்த விடக் கொஞ்சம் ஏத்தி, தாடை வரைக்கும் இழுத்துச் சுத்தமாக் கட்டுனேன். கையி தேர்ந்த கையி தங்கச்சி. அவ உம்மா வந்து மொகம் பாக்குறப்ப மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது.

அந்தப் பொம்பள மவ மொகத்தப் பாத்துட்டு என்கிட்ட வந்தா. அழுது அழுது கொரலே இல்ல. ராத்தா, நீங்கதான என் புள்ளையக் கடைசியாப் பாத்தது, எப்படிம்மா இருந்தா என் புள்ளன்னு கேட்டா. சுவனத்துப் பொண்ணு மாதிரி இருந்தான்னேன். நல்லதச் சொல்லலாமில்ல. அவ என் ரெண்டு கையயும் எடுத்து, இந்த உள்ளங்கைய, மாத்தி மாத்தி முத்துனா. அந்த முத்தம் இருக்கே தங்கச்சி, அதத்தான் இன்னிய வரைக்கும் என்னால கழுவ முடியல.

என்னா பாக்குறீங்க? அழுவல. அடுப்புப் பொக.

அதுக்கப்பறம் சபியுல்லா பொஞ்சாதி பேரால ஒரு தர்மம் செஞ்சாரு. பள்ளியில முன்ன மையத்துக் குளிப்பாட்ட ஒரு மரப் பலகைதான் இருந்துச்சு, எந்த வீட்டுல மௌத்துன்னாலும் அதத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அது ஊறி உளுத்துப் போச்சு. இவரு எவர்சில்வர்ல கட்டிலு செஞ்சு குடுத்துட்டாரு. தண்ணி ஓடுறதுக்கு வாட்டம், தலைக்கு மேடு, எல்லாம் இருக்கு. தலை மாட்டுல பேரு வெட்டியிருக்கு, மர்ஹூமா ஹிதாயா நினைவாகன்னு. ஊரே மாஷா அல்லாஹ்ன்னுச்சு. இந்தக் கட்டில்ல எத்தன மையத்து குளிச்சாலும் ஹிதாயாவுக்கு நன்மை, செஞ்சு குடுத்த இவருக்கும் நன்மைன்னு ஹஜ்ரத் துஆ செஞ்சாங்க.

நன்மைதான். எனக்குத்தான் அந்தக் கட்டிலு ஆவல. யாரு தலையில தண்ணி ஊத்துனாலும் வழிஞ்சு போயி அந்தப் பேரு மேலதான் நிக்குது. யாரு வலது கையத் தூக்குனாலும் அந்தக் கையி ஹிதாயா கையாத்தான் கனக்குது. போன மாசம் நெய்க்காரத் தெருவுல வயசான அம்மா, நிம்மதியாப் போன உசுரு, உடம்புல ஒரு கீறல் கெடையாது. நான் பாட்டுக்குத் துணிய இழுத்து இழுத்து அந்த அம்மா தோளப் போத்துறேன். பாத்துமுத்து கேக்குறா, என்னா ராத்தா, ஒண்ணுமில்லாத எடத்த இப்படி மறைக்கிறீங்க? துணிய விட்டுட்டேன். அன்னிக்கு இன்னாருக்குன்னு மனசுல வைக்கிற நிய்யத்தே வரல. ஜக்கரியாவுக்குன்னு கேக்க வாயத் தொறக்குறேன், ஹிதாயான்னு வருது.

வீட்டுலயும் விடல அவ. மத்தியானம் கண்ணு அசந்தா கொல்லையில மொண்டு மொண்டு தண்ணி ஊத்துற சத்தம். எந்திரிச்சுப் போனா தரை காஞ்சு கெடக்கும். பாலு கறக்க உக்காந்தா பக்கத்துல யாரோ குந்தியிருக்கற மாதிரி இருக்கும். ஆடு கூட அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குது தங்கச்சி, சத்தியமாச் சொல்றேன். கனவுல வந்து அவ பயமுறுத்துறதில்ல. ஒத்தச் சொல்லுதான் கேப்பா. பாத்தீங்கள்ல மாமி?

பாத்தீங்கள்ல?

பாத்தேன் புள்ள, பாத்தேன், மறைச்சுட்டேன், யாருக்கும் தெரியாது, நிம்மதியாப் போம்பேன். போவ மாட்டா. மறைச்சதுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்ல வேணாமா? மறுபடியும் அதே கேள்வி. என் மேல என்னா கோவம் அவளுக்கு? நான் அவளுக்கு என்னா கொறை வச்சேன்?

பொறுக்க முடியாமத்தான் ஆலிமாகிட்டப் போனேன். தஸ்னீம் ஆலிமா, பொம்பளப் புள்ளைங்க மத்ரஸாவுல பாடம் நடத்துதே, கண்ணாடி போட்டுக்கிட்டு. என் மவன் உசுரோட இருந்து கல்யாணம் கட்டியிருந்தா, எனக்குப் பொறந்திருக்கக்கூடிய பேத்திய விடக் கொஞ்சம் பெரியவளா இருக்கும். கெட்ட கனவா வருது, கொஞ்சம் தண்ணி ஓதிக் குடு புள்ளன்னேன். என்னா கனவுன்னு கேட்டுச்சு. கனவ மட்டுந்தான் சொன்னேன். பாத்தது எதையும் சொல்லல. அது கனவக் கேட்டுட்டு ரொம்ப நேரம் கண்ணாடியத் தொடச்சுச்சு.

அப்பறம் எனக்கே சட்டம் சொல்ல வந்துருச்சு தங்கச்சி. மாமி, மையத்தோட கொறையத்தான் மறைக்கச் சொல்லியிருக்கு, உயிரோட இருக்கறவன் செஞ்சத மறைக்கச் சொல்லலன்னுச்சு. நான் எத்தன மையத்த அனுப்பி வச்சவ, நேத்து மொளச்சது என்கிட்டப் பேசுது. அது எதால ஆச்சோ எவன் செஞ்சானோ எனக்கெப்படித் தெரியும், நான் கோர்ட்டா, போலீசான்னு கேட்டேன். அதுக்கு அது சொல்லுது, சரி மாமி, அந்தப் புள்ள உங்கள மட்டும் ஏன் வரச் சொன்னுச்சு? மறைக்கவா, பாக்கவா?

நம்பிக்கைதான், வேற என்னான்னேன்.

அதோட விட்டிருக்கலாம். விடல. மாமி, ஒண்ணு கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க, உங்க நிய்யத்து என்னா? யாருக்காக மறைச்சீங்க? ஹிதாயாவுக்காகவா, ஜக்கரியாவுக்காகவா?

எப்படி இருக்கும் எனக்கு? என் புள்ள பேர எடுக்க அவ யாரு? இந்தக் கையால எத்தன பேரோட அசிங்கத்தக் கழுவியிருக்கேன், ஒருத்தருகிட்ட ஒரு டீ குடிச்சிருப்பேனா? என்னப் பாத்து, நீ யாருக்காகச் செஞ்சேன்னு கேட்டா? பெத்த புள்ளைக்காக ஒருத்தி நன்மை சேத்தா அது அல்லாஹ்வுக்காகச் செஞ்சது இல்லன்னு ஆயிடுமா? நீங்களே சொல்லுங்க. நீங்க உங்க மவளுக்காகத்தான வந்து உக்காந்திருக்கீங்க. உங்கள யாராச்சும் கேட்டாங்களா?

ஓதிக் குடுத்த தண்ணிய வர்ற வழியிலயே சாக்கடையில கொட்டிட்டேன். அதுலேருந்து அந்தப் புள்ளையோட பேச்சுவார்த்த இல்ல. இப்ப உங்கள அனுப்பி வச்சிருக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது, சந்தேகந்தான். சந்தேகத்த வச்சு ஒரு குடும்பத்தப் பேச முடியாதுல்ல, அதான் என் தலையில கட்டுறா. கெட்டிக்காரிதான்.

பாங்கு சொல்றாங்க, கேக்குதா? தம்பி தேடுவாரு. நீங்க எந்திரிங்க. நான் சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிட்டேன், சொல்லக் கூடாததச் சொல்லல. இனி உங்க பாடு, அல்லாஹ் பாடு.

என்னா சொன்னீங்க?

இன்னொரு தடவ சொல்லுங்க.

குளிப்பாட்டுனவங்களே ஒண்ணும் தப்பாச் சொல்லல, அப்ப மனசுக்குத் திருப்தியாயிருச்சு, போயி வார்த்த குடுத்துடுறோம்ங்கிறீங்களா? என் கையப் புடிச்சுக்கிட்டு... விடுங்க. கையில முத்தாதீங்க! வேணாம் தங்கச்சி, கையில மட்டும் முத்தாதீங்க!

இருங்க. போவாதீங்க. கதவச் சாத்திட்டு வர்றேன்.

உக்காருங்க. ஷமீனாவுக்கு என்னா வயசுன்னீங்க? ஹிதாயா வயசுதான். சரி, பேசாம இருங்க. நீங்களும் பேச வேணாம், நானும் பேசல. புர்காவக் கழட்டி இப்படிப் போடுங்க. பயப்படாதீங்க, உசுரோட இருக்கறவங்கள நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்.

பிஸ்மில்லாஹ். வலது கையக் குடுங்க. வலது பக்கத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

இங்க. நாலு வெரலும் இப்படி, கட்ட வெரலு அந்தப் பக்கம். அழுத்துறது வலிக்குதா? இன்னும் அழுத்தணும். இங்க, முழங்கைக்கு மேல. இங்கயும். எடது கையி, அதே எடம். நான் எதுவும் சொல்லல, என் வீட்டுக்கு வந்த ஒரு பொம்பளையோட கையத் தொடுறேன், அது பாவமா? திரும்பி உக்காருங்க. முதுகு. இங்கேருந்து இது வரைக்கும், நீட்டமா. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. இன்னொண்ணு. இங்க வட்டமா, சின்னதா, நெறைய. இடுப்புல இங்க.

தலையில ஒண்ணுமில்ல. பாருங்க, தலைய நான் தொடவே இல்ல.

இப்படித் திரும்புங்க. தாடையத் தூக்குங்க. கழுத்து.

இருங்க. கழுத்துல எனக்குக் கையி வர மாட்டேங்குது. கழுத்துன்னாலே எனக்கு... இருங்க, ஒரு நிமிசம். யா அல்லாஹ், என் புள்ளைய மறைச்சு வையி. நான் வாயத் தொறக்கல, நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க. அவன மறைச்சு வையி.

இங்க. ரெண்டு கட்ட வெரலும் முன்னால. எட்டு வெரலும் பின்னால. இப்படி.

அவ்வளவுதான். முடிஞ்சுது. புர்காவப் போட்டுக்குங்க. மொகத்தக் கழுவிக்கிட்டுப் போங்க, தம்பி பயந்துடுவாரு. ஒண்ணே ஒண்ணு, நாளைக்கு மறுமையில விசாரணைன்னு வந்தா நீங்க எனக்குச் சாட்சி சொல்லணும். ஜெய்த்தூன் பாத்தத வாயத் தொறந்து ஒரு எழுத்துக்கூடச் சொல்லலன்னு சொல்லணும். எனக்காக இல்ல, என் ஜக்கரியாவுக்காகச் சொல்லணும். சொல்லுவீங்கள்ல?

ஏன் தங்கச்சி இப்படி அழுவுறீங்க? நான்தான் ஒண்ணுமே சொல்லலியே.